உரத்தைக் காப்பாற்றும் தண்ணீர்: மலையக மரக்கறித் தோட்டங்களில் சொட்டு நீர்ப்பாசனம்

மலையகத்தில் மழைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தை, மாசி மாதங்களில் கந்தப்பளை, இராகலைப் பக்கம் போனால் காலையிலேயே தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம் கேட்கும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு வெறுங்காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அதனால் ஆனியிலிருந்து ஆவணி முடியும் வரை அங்கே வரட்சி. பெரும்போகத்தில் நெல் விளைந்த வயலில் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கு போடுவது வெலிமடை வழக்கம். அந்தக் கிழங்கு முழுக்க முழுக்க இறைத்த தண்ணீரில்தான் விளைகிறது.

குழாயில் இருக்கும் சிறு சொட்டுவாய்கள் வழியே செடியின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சொட்டு நீர்ப்பாசனம் என்ற பேச்சு வந்தாலே "தண்ணீர் மிச்சமாகும்" என்றுதான் தொடங்குகிறார்கள். இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்ற பொறியியலாளரின் முயற்சியால் 1965இல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில் இது ஒரு தொழிலாக வளர்ந்தது. அது பாலைவனம், தண்ணீர்தான் அங்கே முதல் கவலை. நம் மலைச்சரிவுக்கு அந்தக் காரணம் பாதிதான் பொருந்தும். இங்கே சொட்டு நீர் மிச்சப்படுத்த வேண்டிய முதல் பொருள் உரம், அடுத்தது மண். தண்ணீர் மூன்றாவதாகத்தான் வரும். இந்த வரிசையை மாற்றிப் பார்ப்பதால்தான் "எங்களுக்கு எதுக்கு, பீலியில தண்ணி ஓடுதே" என்ற பதில் வருகிறது. பீலியில் தண்ணீர் ஓடுவது உண்மைதான். வடிகால் கானில் அதே தண்ணீரோடு சேர்ந்து ஓடுவது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு 50 கிலோ யூரியா மூடையில் இருக்கும் நைதரசன் 23 கிலோ. யூரியா தண்ணீரில் முழுவதும் கரையும். மண்ணில் சில நாட்களுக்குள் அமோனியமாக மாறும். அமோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும்போது அந்தப் பிடி விட்டுப்போகும். நைத்திரேற்று தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும். சரிவில் கை நிறைய யூரியாவை அள்ளி வீசிவிட்டு ஓஸ் பைப்பைப் பிடித்தால், வேருக்குப் போவது ஒரு பங்கு, வேருக்குக் கீழே இறங்குவது ஒரு பங்கு, மேற்பரப்பில் வழிந்து கானுக்குப் போவது ஒரு பங்கு. அடுத்த வாரம் இலை வெளிறுகிறது, மறுபடி ஒரு மூடை. செடி பசியில் நிற்பதைப் பார்த்துத்தான் விவசாயி உரம் போடுகிறார், அதில் தப்பு சொல்ல முடியாது. போட்டது எங்கே போனது என்பதுதான் கேள்வி.

பொசுபரசின் கதை இதற்கு நேர்மாறு. மலையகத்து மண் பெரும்பாலும் அமில மண். அதில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் பொசுபரசைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போட்ட டி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரத்தில் சிறு பகுதிதான் அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைக்கும். பலன் தெரியவில்லை என்று அடுத்த போகத்தில் கூடுதலாகப் போடுவார்கள். அதோடு கோழி எருவும் லொறி லொறியாக வரும். கோழி எருவிலும் பொசுபரசு அதிகம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்படி ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர் என்று பல பத்தாண்டுகள் போட்டதில், நுவரெலியா, பதுளை மாவட்ட மரக்கறி நிலங்களில் தேவைக்கு மிஞ்சிய பொசுபரசு சேர்ந்து கிடக்கிறது. மண் பரிசோதனைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து போகாது, மண் துகளோடு ஒட்டிக்கொண்டு போகும். மழையில் கான் செம்மண் நிறத்தில் ஓடும்போது, காசு கொடுத்து வாங்கிய உரமும் அதில்தான் ஓடுகிறது.

எங்கே ஓடுகிறது என்பதற்கும் பதில் இருக்கிறது. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகித் தண்ணீர் கெட்டது. மேலே இருக்கும் தோட்டங்களிலிருந்து ஊட்டச்சத்து வந்து சேரும் எந்த நீர்த்தேக்கத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. வெலிமடைச் சரிவுகளின் மண் உமா ஓயா வழியாக இரந்தம்பைக்கு இறங்குகிறது. மகாவலித் திட்ட நீர்த்தேக்கங்களில் வண்டலால் மோசமாகத் தூர்ந்துபோனவற்றில் இரந்தம்பையும் ஒன்று. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. சட்டம் மண்ணை நிறுத்தவில்லை.

பிறகு 2021 வந்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் போகம் கெட்டுவிட்டது, அடுத்த ஆண்டு டொலர் நெருக்கடியில் உர விலை பல மடங்கு ஏறியது. 2005இல் நெல்லுக்கு 50 கிலோ மூடையை 350 ரூபாய்க்குக் கொடுத்த நாடு இது. மலிவாகக் கிடைத்த காலத்தில் அளவு பார்க்கப் பழகாத கை, இல்லாமல் போன காலத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அந்தத் தடை கொடுமையான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உரத்தை அளந்து போடக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் உரத்தையே பறித்தார்கள். அளந்து போடும் வேலையோ இன்றும் அப்படியே கிடக்கிறது.

அளந்து போடுவது என்றால் என்னவென்று கரும்பைப் பார்த்தால் நன்றாகப் புரியும். சொட்டு நீரில் உரம் கரைத்துக் கொடுப்பதை நம் பக்கத்து நாட்டில் பெரிய அளவில் செய்து பார்த்த பயிர் அது. தமிழ்நாட்டில் கரும்புக்குப் பொசுபரசை நடும்போதே அடியில் போட்டுவிடுகிறார்கள். நைதரசனையும் பொட்டாசியத்தையும் மட்டும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் வழியே கொடுக்கிறார்கள். ஏழாம் மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேலும் நைதரசன் கொடுத்தால் கரும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், சீனி சேராது. எவ்வளவு என்பதோடு எப்போது நிறுத்துவது என்பதும் அங்கே உர முகாமைத்துவத்துக்குள் அடங்கும்.

இலங்கையில் கரும்பு மலைக்கு மேலே இல்லை, மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊவாவின் கீழ்ப்பக்கம், வெல்லவாய புத்தல வழியில் பெல்வத்தை, தெற்கே செவனகல, கிழக்கே ஹிங்குராண. ஆராய்ச்சி நிறுவனம் உடவளவையில். பெல்வத்தைக் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பியது, செவனகலவில் ஒரு பகுதிக்கு வாய்க்கால் பாசனம் உண்டு. அவர்கள் வரட்சியோடு போராடுகிறார்கள், மேலே நாம் சரிவோடு போராடுகிறோம். இரண்டு இடத்தையும் இணைப்பது உமா ஓயா. அந்த ஆற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கம் திருப்பும் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும்போது, 2014 டிசம்பரில் தொடங்கிய நீர்க்கசிவால் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. "மலையில் தண்ணீருக்கு என்ன குறை" என்று சொல்பவர்கள் அந்தக் கிராமங்களை மறந்துவிடக் கூடாது.

கரும்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை, கால அட்டவணையை அல்ல. கரும்பு ஒரு வருடப் பயிர், உருளைக்கிழங்கு மூன்று மாதத்தில் மண்ணை விட்டு வெளியே வந்துவிடும். கிழங்கில் நைதரசனைப் பிந்திக் கொடுத்தால் கொடி செழிக்கும், கிழங்கு பருக்காது. அதனால் முளைத்ததிலிருந்து கிழங்கு இறங்கிப் பருக்கத் தொடங்கும் வரை நைதரசனைச் சிறு தவணைகளாகக் கொடுத்து, அதன் பிறகு குறைத்துக்கொண்டு பொட்டாசியத்தைக் கூட்ட வேண்டும். கறிமிளகாய், தக்காளி போல மாதக்கணக்கில் பறிக்கும் பயிர்களுக்குக் கடைசி வரை இரண்டும் வேண்டும்.

சரி, சரிவுக்கு வருவோம். சமதரைக்கு எழுதிய கையேடுகள் மலையில் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் நல்ல செய்தி. தண்ணீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். சாதாரண சொட்டுக் குழாய் வேலை செய்ய அதுவே போதும். தோட்டத்துக்கு மேலே ஊற்று இருந்தால், அல்லது மேட்டில் ஒரு தாங்கி வைக்க இடமிருந்தால், மோட்டாரும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.

அதே உயரம்தான் பிரச்சினையும். மேல் வரிசைக்கு 10 மீற்றர் உயர அழுத்தம் என்றால், அதற்கு 10 மீற்றர் கீழே இருக்கும் வரிசைக்கு 20 மீற்றர். அழுத்தம் இரண்டு மடங்கானால் சாதாரண சொட்டுவாயில் தண்ணீர் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக வரும். தண்ணீரில் உரம் கரைந்திருந்தால் உரமும் அதே 40 சதவீதம் கூடுதலாகக் கீழ் வரிசைக்குப் போகும். மேலே செடி வெளிறி நிற்க, கீழே இலை கரும்பச்சையாகக் கொழுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "சொட்டு நீர் நமக்குச் சரிவராது" என்று பிடுங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பிழை குழாய் போட்ட விதத்தில். சொட்டுக் குழாய்கள் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் ஓட வேண்டும். பிரதான குழாய் மட்டும்தான் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். உயர வித்தியாசம் சில மீற்றருக்கு மேல் போனால் தோட்டத்தை மேல், நடு, கீழ் என்று துண்டு பிரித்துத் துண்டுக்கு ஒரு வால்வு வைத்து, கீழ்த் துண்டின் வால்வைக் குறைத்துத் திறக்க வேண்டும். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு விடும் சொட்டுவாய்களும் உண்டு, விலை கூட.

இன்னொரு விடயம் பலர் கவனிப்பதில்லை. வால்வை மூடிய பிறகும் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் மெல்லக் கீழே இறங்கிக் கடைசி வரிசைகளில் வடியும். அது உரத் தண்ணீராக இருந்தால், ஒவ்வொரு முறையும் கீழ் வரிசைக்கு ஒரு பங்கு அதிகம். அதனால் பாசன நேரத்தை நான்காகப் பிரித்துக்கொள்வது நல்லது: முதல் கால்பங்கு வெறுந்தண்ணீர், நடுவில் பாதி உரத் தண்ணீர், கடைசிக் கால்பங்கு மறுபடி வெறுந்தண்ணீர். வடிவதும் வெறுந்தண்ணீராகிவிடும், குழாயும் கழுவிவிடப்படும்.

ஒரு கால் ஏக்கர் கிழங்குத் தோட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பேர்ச்சஸ், கிட்டத்தட்ட 1,000 சதுர மீற்றர். நல்ல வெயில் நாளில் பயிருக்கு 4 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 4,000 லீற்றர். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர் என்றால் 1,650 மீற்றருக்கு மேல் சொட்டுக் குழாய் தேவைப்படும். செலவின் பெரும்பகுதி இதில்தான். 30 சென்ரிமீற்றருக்கு ஒரு சொட்டுவாய், மணிக்கு 2 லீற்றர் என்றால் முழுத் தோட்டமும் ஒரு மணிக்கு 11,000 லீற்றர் இழுக்கும். சின்ன ஊற்று எதுவும் அதைத் தாங்காது. தோட்டத்தை நாலு துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு ஒரு 1,000 லீற்றர் தாங்கி, இருபது நிமிடம் சொச்சத்தில் காலியாகும். நிமிடத்துக்கு 10 லீற்றர் தரும் சின்ன ஊற்று அந்தத் தாங்கியை 100 நிமிடத்தில் மறுபடி நிரப்பிவிடும். இரவில் சும்மா ஓடிப் போகும் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தாங்கி இருந்தாலே கால் ஏக்கரைக் காப்பாற்றிவிடலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

உரம் கலப்பதற்குக் கடையில் வென்சூரி என்ற ஒரு கருவியைக் காட்டுவார்கள், ஓடும் தண்ணீரின் வேகத்தால் உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிக்கொள்வது அது. அது வேலை செய்ய நல்ல அழுத்த வித்தியாசம் வேண்டும். மேட்டுத் தாங்கியை நம்பிய தோட்டத்தில் அது பெரும்பாலும் இழுக்காது. வாளியில் உரத்தைக் கரைத்துத் துணியில் வடித்துத் தாங்கியிலேயே ஊற்றுவது எளிது. யூரியா நன்றாகக் கரையும். எம்.ஓ.பி. என்ற பொட்டாசிய உரத்தில் வெள்ளையாக இருப்பது கரையும், சிவப்பு அடியில் கசடு விடும். டி.எஸ்.பி.யைக் குழாயில் விடவே கூடாது, அது நடும்போது அடியுரமாக மண்ணுக்குள் போக வேண்டியது. கல்சியம் நைத்திரேற்றைப் பொசுபேற்று, சல்பேற்று உரங்களோடு ஒரே தாங்கியில் கலந்தால் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்து சொட்டுவாய் அடைத்துப் போகும், அதை வேறொரு நாளில் தனியாகக் கொடுக்க வேண்டும். தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு வடிகட்டி கட்டாயம், அதை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். தாங்கிக்குள் வெயில் படாமல் மூடி வைத்தால் பாசி பிடிக்காது. ஊற்றுத் தண்ணீரில் செந்நிறக் கறை படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் ஒரு தொட்டியில் அருவி போல விழவிட்டுத் தெளிய வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாப் பயிருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கரட்டை நெருக்கமாக விதை தூவி முளைக்க வைக்கிறோம், மேல்மண் முழுவதும் ஈரமாக இருக்க வேண்டும், அதற்குத் தூவல் பாசனம்தான் சரி. லீக்சும் ஏறக்குறைய அப்படியே. தை, மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழும்போது விடிய முன் இலை மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவார்கள். சொட்டுக் குழாய் அந்த வேலையைச் செய்யாது, ஆகவே தெளிகுழாயைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கிழங்கு, கோவா, போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் இவற்றுக்குத்தான் சொட்டு நீர். கிழங்குக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு: இலை நனையாததால் இலையைக் கருக்கும் வெளிறல் நோய்க்குச் சாதகம் குறையும், மருந்து அடிக்கும் தடவையும் குறையும். வாய்க்கால் தண்ணீரோடு மேலிருந்து கீழே பரவும் பற்றீரியா வாடலுக்கும் வழி அடைபடும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது? மண் ஏற்கெனவே நனைந்து கிடக்கும்போது உரம் கொடுப்பதற்காக மேலும் தண்ணீர் விட்டால், பழைய கதைதான், எல்லாம் வேருக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது உரத்தைக் கொஞ்சமான தண்ணீரில் கரைத்து, மழை விட்ட இடைவெளியில், ஐந்து நிமிடம் மட்டும் விட வேண்டும். பாத்தி மேல் பொலித்தீன் மூடாக்கு போட்டு அதற்குள் குழாயை ஓட்டினால் மழையே உரத்தைக் கழுவ முடியாது. வைக்கோல், புல் மூடாக்கு அவ்வளவு தடுக்காது, ஆனால் மண் கரைவதை நன்றாகத் தடுக்கும். கான் வெட்டும் வேலையையும் சொட்டு நீர் இல்லாமல் ஆக்கிவிடாது. சம உயரக் கான்கள் இல்லாத சரிவில் எந்தக் குழாயும் மண்ணை நிறுத்தாது.

இதற்கெல்லாம் முன்னால் மண் பரிசோதனை. பொசுபரசு ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் நிலத்தில் டி.எஸ்.பி. வாங்கும் காசை, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூளான டொலமைற்றுக்குத் திருப்பலாம். மண்ணின் புளிப்புக் குறைந்தால், கட்டுண்டு கிடக்கும் பொசுபரசில் ஒரு பகுதி பயிருக்குக் கிடைக்கத் தொடங்கும். பண்டாரவளையிலும் சீத்தா எலியவிலும் விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, 1920 என்ற இலக்கத்தில் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது.

கடைசியாக, எல்லாவற்றையும் விடப் பெரிய தடையைச் சொல்ல வேண்டும். மலையகத்தில் மரக்கறி செய்யும் நம் மக்களில் பலருக்கு அந்த நிலம் சொந்தமில்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு தோட்டக் கம்பனியின் கையில் இருக்கிறது. வெளியே எடுக்கும் நிலம் ஒரு போகத்துக்கோ இரண்டு போகத்துக்கோ குத்தகை. தனி வீட்டோடு சிலருக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியில் வீடும் முற்றமும் போகக் கொஞ்சம் கறிவேப்பிலைதான் நடலாம். அடுத்த வருடம் யார் கையில் இருக்கும் என்று தெரியாத நிலத்தில் தாங்கி கட்டவும் குழாய் புதைக்கவும் யாருக்கு மனம் வரும்? வீசி எறியும் யூரியா ஒரு போகத்துக்கான செலவு, சொட்டுக் குழாய் பல போகங்களுக்கான முதலீடு. உரிமை இல்லாதவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது அறியாமையால் அல்ல, அவர் நிலையில் நின்று பார்த்தால் அதுதான் சரியான கணக்கு. வங்கிக் கடனும் மானியமும் பெரும்பாலும் காணிப் பத்திரத்தையே கேட்கின்றன, இவர்களிடம் இருப்பதோ மண்வெட்டி மட்டும்.

குத்தகைக்காரர் இன்றைக்குச் செய்யக்கூடியது, மெல்லிய சொட்டு நாடாவை மண்ணில் புதைக்காமல் மேலே விரித்து, அறுவடையானதும் சுருட்டி எடுத்துக்கொள்வது. பிளாஸ்டிக் தாங்கியையும் ஒரு பலகைத் தட்டின் மேல் வைத்து நகர்த்தலாம். இவை சில போகங்களுக்குத் தாங்கும். காட்டுப்பன்றி கிளறாத வரைக்கும். ஆனால் மேல் ஊற்றில் தண்ணீர் பிடித்து ஐந்தாறு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொதுத் தாங்கி, கல் வரம்பு, டொலமைற்றால் மண்ணைத் திருத்துவது, இவை எதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. கமநல சேவை நிலையங்கள் காணிப் பத்திரம் கேட்பதை விட்டு, நிலத்தில் உண்மையாகப் பயிர் செய்பவரைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு விவசாயியாகப் பதிய வேண்டும். தோட்டக் கம்பனிகள் மரக்கறித் துண்டுகளுக்குக் குறைந்தது ஐந்து வருட எழுத்து உடன்படிக்கை கொடுக்க வேண்டும். தோட்ட மக்களின் காணி உரிமை பேசப்படும் ஒவ்வொரு மேடையிலும் வீட்டுக் காணியோடு பயிர்க் காணியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.